யாருக்குக் காய்ச்சல்?

அப்பா எங்கள் வீட்டோடு வந்து தங்கிய முதல் வாரம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, சாப்பாட்டு மேசையில் ரொட்டியை வைத்தேன். அப்பா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன், பேத்தி இருவரின் நெற்றியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, யாருக்குக் காய்ச்சல்?"

கேலி செய்யவில்லை, உண்மையாகத்தான் கேட்டார். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய சின்ன வயதில் ரொட்டிக்காரர் சைக்கிளில் லயத்துக்கு வருவாராம். வீட்டில் யாராவது சுருண்டு படுத்திருந்தால்தான் பாட்டி காசை எடுப்பார். வாங்கிய ரொட்டியைக் கோப்பி ஓவில் தோய்த்துக் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மட்டும் ஊட்டுவார். மற்ற பிள்ளைகள் வாசற்படியில் நின்று பார்க்கும். அப்பாவின் கணக்கில் ரொட்டி என்பது மாத்திரைக்கு முன்னால் வயிற்றில் போடுகிற ஒன்று. அதை இரவுச் சாப்பாடு என்று மகள் தட்டில் வைத்தால் வேறு என்ன கேட்பார்?

நான் ரொட்டியைத் தேடிப் போனதற்குக் காரணம் இருந்தது. அம்மா போன பிறகு ஒன்றரை வருடம் அப்பா தனியாக இருந்தார். காலையில் ஆக்கிய சோற்றை இரவு பத்து மணிக்குச் சாப்பிடுவது, ஆக்காத நாளில் கடையில் சாப்பிடுவது என்று நாட்களை ஓட்டியிருக்கிறார். கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், "இரவுச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், சீக்கிரம் சாப்பிட வேண்டும்" என்றார். அன்றைக்கே பெட்டியைக் கட்டிக் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

ஆனால் எங்கள் வீடும் பெரிய ஒழுங்கில் இல்லை. நானும் கணவரும் வேலை முடிந்து, ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஊர்ந்து வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். அதற்குப் பிறகு சோறு, கறி, ஒரு காய் என்று ஆரம்பித்தால் சாப்பிட ஒன்பதரை. இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு பொட்டலம். மகளுக்குக் கோழிச் சோறு, மகனுக்கு மீ கோரேங், எங்களுக்கு நாசி கண்டார். ஒரே மேசையில் ஐந்து பேர் ஐந்து வேறு சாப்பாடு, ஐந்து வேறு நேரம்.

வாரத்தில் இரண்டு இரவாவது எட்டு மணிக்குள், எல்லோரும் ஒன்றாக, வயிற்றுக்கு இலேசாகச் சாப்பிட வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. சூடான சேண்ட்விச் அதற்குச் சரியான வழி என்று நினைத்தேன். நினைத்தது சரி. செய்த விதம்தான் தப்பு.

இலேசு என்ற பெயரில் ஒரு பட்டினி

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வைத்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. டோஸ்டரில் வாட்டிய பழுப்பு ரொட்டி. உள்ளே நாலு வட்டம் வெள்ளரிக்காய், ஒரு சாலட் இலை, கொஞ்சம் மிளகுத்தூள். வெண்ணெய் இல்லை, சீஸ் இல்லை, முட்டைகூட இல்லை. எதையெல்லாம் எடுக்க முடியுமோ அதையெல்லாம் எடுத்துவிட்டால் அதுதான் ஆரோக்கியம் என்ற எண்ணம்.

அப்பா மறுபேச்சு பேசாமல் சாப்பிட்டார். பத்து மணிக்கு, "மாப்பிள்ளை, சும்மா ஒரு நடை போய்ட்டு வருவோமா?" என்றார். எனக்குச் சந்தோஷம். நடப்பதும் நல்லதுதானே!

மறுநாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தால் 11.4. நான் அப்பாவைப் பார்க்க, அப்பா நாட்காட்டியைப் பார்க்க, என் கணவர் சாவியைத் தேடுவதுபோல் எழுந்து போய்விட்டார். விசாரணையில் உண்மை வெளியே வந்தது. நடை மாமாக் கடை வரைக்கும். ரொட்டி சானாய் இரண்டு, பருப்புக் கறி நிறைய ஊற்றி, தே தாரேக் ஒன்று.

ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி இருக்கிறது. இரண்டுக்கு 600. தேநீரில் விழும் இனிப்புப் பால் தனி. நான் தட்டிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது.

கோபத்தில் ஏதேதோ சொன்னேன். அப்பா கடைசியில் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நீ செஞ்சது தப்பு இல்லம்மா. ஆனா சாப்பிட்ட மாதிரி இல்ல."

அலுவலகம் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. எது இருந்தால் நமக்குச் 'சாப்பிட்ட மாதிரி' இருக்கிறது? சூடு வேண்டும். காரமும் புளிப்பும் வேண்டும். பல்லுக்கு மொறுமொறுப்பாக ஏதாவது வேண்டும். மீன், முட்டை, பருப்பு என்று வயிற்றில் நிற்கும் ஒன்று வேண்டும். என் ரொட்டியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. எண்ணெயும் மாவும் குறைய வேண்டியதுதான். அதற்காகச் சாப்பாட்டையே குறைத்துவிட்டு, பசியோடு படுக்கச் சொன்னது நான்தான்.

அடுத்த வாரமே மீண்டும் அடுப்பைப் பற்ற வைத்தேன். ஏழெட்டு முறை செய்து பார்த்த பிறகு கைக்கு வந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ரொட்டியின் நிறத்தை நம்பாதீர்கள்

பழுப்பாக இருப்பதெல்லாம் முழுத் தானிய ரொட்டி அல்ல. நிறம் சேர்த்தும் பழுப்பாக்கலாம். பையின் பின்புறம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். முதல் இடத்தில் 'மில் பெனூ', அதாவது முழு கோதுமை மாவு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண கோதுமை மாவு முதலிலும் முழு மாவு நாலாவதாகவும் இருந்தால், அது வேடம் போட்ட வெள்ளை ரொட்டி.

ஆளுக்கு இரண்டு துண்டு. அதற்கு மேல் இல்லை. இரண்டு துண்டில் சுமார் 25 முதல் 30 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம். நம் வீட்டுத் தட்டில் ஒரு கப்போடு யார் நிறுத்துகிறோம்? இந்தச் சாப்பாட்டில் பெரிய குறைப்பு இந்த இடத்தில்தான் நடக்கிறது. இதைச் செய்துவிட்டால், உள்ளே வைப்பதில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

எண்ணெய் கல்லுக்கு அல்ல, ரொட்டிக்கு

கல்லில் வெண்ணெயைப் போட்டு, அதன்மேல் ரொட்டியை வைத்தால் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். திருப்பிப் போடும்போது இன்னொரு கட்டி வெண்ணெய் போட வேண்டியிருக்கும். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் சுமார் 100 கலோரி. அதற்குப் பதிலாக ரொட்டியின் வெளிப்பக்கத்தில் மட்டும் தூரிகையால் எண்ணெயைத் தடவுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டி போதும். சுமார் 20 கலோரியில் வேலை முடிந்துவிடும். மொறுமொறுப்பில் வித்தியாசம் தெரியாது. கல்லின் சூடு ரொட்டியில் சீராகப் படியத்தான் எண்ணெய். மெல்லிய பூச்சே அதற்குப் போதும்.

சீஸை ஒதுக்கிவிட வேண்டாம். அதற்கு ருசி கொடுக்கிற வேலையோடு, பசை வேலையும் உண்டு. துருவிய சீஸ் ஆளுக்கு ஒரு குவித்த மேசைக்கரண்டி போதும். அதைப் பாதிப் பாதியாக இரண்டு ரொட்டியின் உள்பக்கத்திலும் தூவுங்கள். நடுவில் உள்ளீடு. உருகிய சீஸ் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். கடிக்கும்போது மறுபக்கத்தில் எல்லாம் கொட்டாது. காரமான செடார் சீஸாக இருந்தால் கொஞ்சத்திலேயே வாசம் தூக்கும். சீஸில் உப்பு இருப்பதால் உள்ளீட்டில் தனியாக உப்புப் போட வேண்டாம்.

மயோனீஸை மட்டும் நான் முற்றாக விட்டுவிட்டேன். ஒரு மேசைக்கரண்டியில் கிட்டத்தட்ட வெண்ணெய் அளவுக்குக் கலோரி. கெட்டித் தயிரில் கொஞ்சம் கடுகு விழுது கலந்தால் அந்த இடத்தை நிரப்பிவிடும். தயிரை அரை மணி நேரம் வடிகட்டியில் வைத்துத் தண்ணீரை இறக்கிவிட்டால் இன்னும் நல்லது.

தண்ணீரும் தீயும்

வீட்டில் செய்யும் சேண்ட்விச் நசநசத்துப் போவதற்குக் காரணம் தண்ணீர். தக்காளி போடுவதானால் விதைப்பகுதியை வழித்து எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். காளானையும் கீரையையும் எண்ணெய் இல்லாமல் வாணலியில் வதக்கி, தண்ணீர் வற்றிய பிறகு வையுங்கள். வெள்ளரிக்காயை உள்ளே வைக்காமல் தட்டின் ஓரத்தில் பச்சையாக வைத்துவிடுங்கள்.

இதற்கென்று தனி இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. இருந்தால் பயன்படுத்துங்கள். நான் அம்மாவின் பழைய இரும்புத் தோசைக்கல்லில்தான் செய்கிறேன். அப்பா பெட்டியைக் கட்டிய அன்று சமையலறையிலிருந்து எடுத்து வந்த ஒரே பொருள் அதுதான். கனமான கல் என்பதால் சூடு சீராக நிற்கிறது. பக்கத்து அடுப்பில் இன்னொரு தட்டையான பானையும் வைத்துக்கொண்டால் ஒரே நேரத்தில் நாலு சேண்ட்விச் ஆகிவிடும்.

கல் நன்றாகச் சூடானதும் தீயை மிதத்துக்கும் கீழே குறையுங்கள். சேண்ட்விச்சை வைத்து மூடி போட்டு மூன்று நிமிடம். மூடிக்குள் நிற்கும் சூட்டில்தான் சீஸ் உருகுகிறது. பிறகு மூடியை எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டு, மேலே கனம் வையுங்கள். பாதி தண்ணீர் ஊற்றிய சிறிய சட்டி, அடியைச் சுத்தமாகத் துடைத்து வைத்தால் போதும். இன்னும் இரண்டு நிமிடம். தீ அதிகமானால் வெளியே கருகும், உள்ளே சீஸ் அப்படியே கட்டியாக இருக்கும்.

எடுத்த உடனே தட்டில் படுக்க வைக்காதீர்கள். அடியில் ஆவி தங்கி, மொறுமொறுப்பு போய்விடும். கம்பித் தட்டில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு வெட்டுங்கள்.

அப்பாவை வழிக்குக் கொண்டுவந்த சார்டின்

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகும், அப்பாவின் முன்னால் எதை வைப்பது என்ற கேள்வி இருந்தது. காளானும் சீஸும் பிள்ளைகளுக்குப் பிடித்தது. அப்பா இரண்டு கடி கடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அந்த 'நல்லாருக்கு' எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாருக்குச் சொல்கிற 'நல்லாருக்கு' அது.

ஒரு நாள் அலமாரியில் சார்டின் டின் கண்ணில் பட்டது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளத்துக்கு முந்திய வாரம், திடீரென்று விருந்தாளி, மழையில் கடைக்குப் போக முடியாத நாள் எல்லாவற்றுக்கும் அந்தச் சிவப்பு மீன்தான். அம்மா வெங்காயம் நிறையப் போட்டு, பச்சை மிளகாய் கீறி, கடைசியில் எலுமிச்சை பிழிவார்.

ஐந்து பேருக்கு என் அளவு இது:

425 கிராம் சார்டின் டின் ஒன்று. குழம்பில் உப்பு அதிகம் என்பதால் பாதியை வடித்துவிடுங்கள். மீனை முள்ளோடு முள்கரண்டியால் மசித்துக்கொள்ளுங்கள். முள் மெத்தென்று இருக்கும், சுண்ணாம்புச் சத்தும் அதில்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பெரிய வெங்காயம் இரண்டை வதக்கி, பச்சை மிளகாய் மூன்று, அரைத்த காய்ந்த மிளகாய் ஒரு தேக்கரண்டி சேருங்கள். பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் இரண்டு கப், துருவிய கேரட் ஒன்று போட்டு நாலு நிமிடம் கிளறுங்கள். மசித்த மீனைப் போட்டு, ஈரம் வற்றும் வரை பிரட்டுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லி இலையும் சேருங்கள். ஆறிய பிறகு ரொட்டியில் வையுங்கள். சூடாக வைத்தால் ரொட்டி நனையும்.

மீனைவிடக் காய் அதிகமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சுகாதார அமைச்சு சொல்கிற 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு இதுதான்: கால் பங்கு மாவு உணவு, கால் பங்கு மீனோ இறைச்சியோ பருப்போ, பாதிப் பங்கு காயும் பழமும். கிளினிக் சுவரில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரெண்டு சுக்கு போடச் சொல்றாங்களே, வயித்துக்கு நல்லதுக்கா?" என்று கேட்டவர் என் அப்பா. மலாய் அவருக்கு நன்றாகவே தெரியும். என்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டார்.

அன்று இரவு கூடவே ஒரு கோப்பை ரசம் வைத்தேன். மிளகு தூக்கலாக, உப்பு கொஞ்சம் கம்மியாக. ரொட்டிக்கு ரசமா என்று மகள் முகம் சுளித்தாள். அப்பா சேண்ட்விச்சின் முனையை ரசத்தில் தோய்த்தார். கடித்தார். எதுவும் சொல்லவில்லை. கோப்பியில் தோய்த்த ரொட்டியை வாசற்படியில் நின்று பார்த்த பையன் ஞாபகத்துக்கு வந்தானோ என்னவோ, மெதுவாகத்தான் சாப்பிட்டார். முடித்துவிட்டு, "உங்கம்மா இன்னும் கொஞ்சம் எலுமிச்சை விடுவா" என்றார்.

அன்று பத்து மணிக்கு யாரும் நடைக்குக் கூப்பிடவில்லை.

சைவ நாளுக்கும் மிச்சக் கறிக்கும்

வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடும் வீடுகளுக்குக் கொண்டைக்கடலை இருக்கிறது. வேகவைத்ததை ஒன்றிரண்டாக மசித்து, வதக்கிய வெங்காயம், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி கறித்தூள், துருவிய கேரட், இரண்டு கரண்டி வடித்த தயிர் சேர்த்தால் கெட்டியான உள்ளீடு தயார். டெம்பேயை மெல்லியதாக வெட்டிக் கல்லில் வாட்டி, கொஞ்சம் சம்பல் தடவி வைத்தாலும் அருமையாக இருக்கும். உருளைக்கிழங்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ரொட்டிக்குள் கிழங்கு வைப்பது மாவுக்குள் மாவு வைப்பது.

நேற்றைய கோழிப் பெரட்டல் மிச்சம் இருக்கிறதா? எலும்பை எடுத்துவிட்டுப் பிய்த்து, அதே அளவு முட்டைக்கோஸோடு பிரட்டினால் போதும். எண்ணெய் மிதந்தால் அதை வடித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, முட்டைக்கோஸையும் கேரட்டையும் நறுக்கி டப்பாவில் அடைத்து, கடலையை வேகவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், வாரநாளில் இருபத்தைந்து நிமிடத்தில் சாப்பாடு மேசைக்கு வந்துவிடும். ஏழேமுக்காலுக்கு ஆரம்பித்தால் எட்டேகாலுக்குள் எல்லோரும் உட்காரலாம். வளர்கிற பையனுக்குக் கூடுதலாக ஒரு அரை சேண்ட்விச் செய்யுங்கள். என் மகன் தங்கையின் தட்டைப் பார்ப்பதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான்.

ஒரு முக்கியமான விஷயம். வீட்டில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இருந்தால், சோற்றின் அளவை ஒரேயடியாகக் குறைக்குமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். நாங்கள் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம். ஆறு மாதத்தில் அப்பாவின் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ரொட்டியால் மட்டும் என்று சொல்லமாட்டேன். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார், மாலையில் உண்மையாகவே நடக்கிறார். ஆனால் எட்டேகாலுக்கு ஐந்து பேரும் ஒரே மேசையில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதற்கும் அதில் பங்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தனியாகச் சாப்பிடுகிறவருக்கு நேரமும் அளவும் பெரிதாகத் தெரிவதில்லை.

போன வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். மாலையில் சமையலறையில் டின் திறக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போகத் தெம்பில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா ஒரு தட்டோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சார்டின் சேண்ட்விச், பக்கத்தில் ஒரு கோப்பை ரசம்.

"காய்ச்சல்ல ரொட்டிதான் சாப்பிடணும்" என்றார்.

எலுமிச்சை கூடுதலாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் நன்றாகக் கருகியிருந்தது. தீயைக் குறைக்க வேண்டும் என்பதை அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை சொல்ல வேண்டும்.